மூன்றாவது பெஞ்சு

எங்கள் பங்குக் கோயிலில், அதாவது எங்கள் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கான கோயிலில், இடது வரிசை மூன்றாவது பெஞ்சு, அப்பாவின் நினைவாக நாங்கள் கொடுத்தது. எந்தப் பங்கு என்று சொல்லப்போவதில்லை. புதுச்சேரி சின்ன ஊர். சொன்னால் அடுத்த ஞாயிறே யாராவது போய் அந்தப் பெஞ்சைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அப்பா போய்ச் சேர்ந்த மறு வருஷம் கோயிலில் மராமத்து நடந்தது. பழைய பெஞ்சுகளைக் கரையான் தின்றிருந்தது. புதுப் பெஞ்சு ஒன்றுக்கு 9,000 ரூபாய், கொடுப்பவர் விரும்பினால் பெயர் எழுதப்படும் என்று பூசை முடிவில் அறிவித்தார்கள். விரும்பாதவர் ஒருவரும் இல்லை போலிருக்கிறது, எல்லாப் பெஞ்சிலும் பெயர் இருக்கிறது. சாய்ந்துகொள்ளும் பலகையின் பின்பக்கம், வார்னிஷுக்கு மேல் வெள்ளைப் பெயிண்டில். ஆக, மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர் கண்ணில் அந்தப் பெயர் படாது. நான்காவது பெஞ்சுக்காரர்தான் வருகைப் பாடல் முதல் இறுதி ஆசீர் வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெயர் போடுவதே அதற்குத்தானே.

பெஞ்சு வந்த அன்று போய்ப் பார்த்தால் அப்பாவின் இனிஷியலைக் காணோம். பெயர் சரி, "நினைவாக" சரி, கீழே "குடும்பத்தார்" சரி. இனிஷியல் மட்டும் இல்லை. அப்பாவின் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். இனிஷியல் இல்லாவிட்டால் அது யார் வீட்டுப் பெஞ்சாகவும் இருக்கலாம். ரசீதை எடுத்துக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை என் குரல் சற்று உயர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் பெயிண்டர் வந்து, பெயருக்கு முன்னால் இருந்த விரற்கடை இடத்தில் ஓர் எழுத்தையும் ஒரு புள்ளியையும் நெருக்கிப் போட்டுவிட்டுப் போனார். பழைய எழுத்துகள் அதற்குள் லேசாக மஞ்சளித்திருந்தன. புது எழுத்து பளீரென்று இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் இனிஷியல் மட்டும்தான் தெரியும்.

இவ்வளவையும் அப்பாவுக்காகச் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை வந்தது. திருநீற்றுப் புதன் என்று இப்போது சொல்கிறோம், அம்மா இன்னும் விபூதிப் புதன் என்பாள். முந்தின வருஷத்துக் குருத்தோலைகளை வீடுகளிலிருந்து வாங்கிக் கொளுத்திய சாம்பலை நெற்றியில் பூசுகிற நாள். அன்று ஒருசந்தி, சுத்தபோசனம். ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, கறி கிடையாது. திருச்சபைச் சட்டப்படி 59 வயதோடு ஒருசந்திக் கடமை முடிந்துவிடும். அம்மாவுக்கு 74. சொன்னால் கேட்கமாட்டாள். எனக்கு இன்னும் கடமை இருக்கிறது, அதனால் காலையிலிருந்து பசி. பசித்தால் நான் நல்ல மனிதன் இல்லை. இது என் மனைவிக்கும் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

சாயந்திரம் இந்திரா காந்தி சிலை சிக்னலில் மாட்டிக்கொண்டு, கோயிலுக்குள் நுழையும்போது முதல் வாசகம் முடிந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள்ளிருந்து மெழுகுவர்த்திக் கட்டு எட்டிப் பார்த்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வந்து, பூசை நடப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டவர் என்று பார்த்ததும் தெரிந்தது. இடது வரிசை ஆண்கள் பக்கம் என்று பேர். நகரத்துப் பங்குகளில் ஆண்பக்கம் பெண்பக்கம் எல்லாம் தளர்ந்துவிட்டது, எங்கள் பங்கில் பாதி தளர்ந்திருக்கிறது. அந்தப் பாதியை நான் என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன்.

சின்னப் பையன் பெஞ்சில் முட்டி போட்டுப் பின்பக்கம் திரும்பி, பலகைக்கு மேலாகத் தலையைத் தொங்கவிட்டு, தலைகீழாகத் தெரிந்த அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"இது எங்க பெஞ்சும்மா. கொஞ்சம் பின்னாடி போய் உக்காருங்க" என்றேன்.

கத்தவில்லை. கோயிலுக்குள் பேசுகிற குரலில், மரியாதையாகத்தான் சொன்னேன். அந்த மரியாதை இருந்ததே, அதுதான் இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"மன்னிச்சுக்கோங்க சார், தெரியாம உக்காந்துட்டோம்" என்று அந்தப் பெண் பையையும் பிள்ளைகளையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு எழுந்தார். பின்னால் இடமில்லை. தூணோரம் நின்றார்கள். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் நானும் என் ஹெல்மெட்டும் உட்கார்ந்தோம்.

மறையுரை முடிந்து சாம்பலுக்கு வரிசையில் நின்றோம். நற்கருணை மாதிரி, அதாவது பூசையில் தரும் அப்பம் மாதிரி இல்லை இது. சாம்பலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்தப் பிள்ளைகளும் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். விபூதி தருகிறார்கள் என்றால் அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. என் முறை வந்தது. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று சாமியார் சொல்லிப் பூசினார். திரும்பி வந்து பார்த்தேன். பெஞ்சில் ஹெல்மெட் மட்டும் இருந்தது. வேறு யாரும் உட்காரவில்லை. எனக்குப் பயந்துதான்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா கஞ்சியும் பருப்புத் துவையலும் எடுத்து வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. வலது வரிசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள் என்பது துவையலை அவள் தட்டில் போட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் பாதி சாப்பிட்ட பிறகு சொன்னாள்: "உங்க அப்பா ஒரு நாளாச்சும் முன்னாடி உக்காந்து பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தார். 1898-இல் தொடங்கிய மில், ஏஎஃப்டி என்று பெயர் மாறி, 2020-இல் ஒரேயடியாக மூடிய மில். ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் நேராகக் காலைப் பூசைக்கு வருவார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வாசலுக்கு உள்ளே, தீர்த்தத் தொட்டி பக்கத்தில் நிற்பார். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மட்டும் கைக்குட்டையைத் தரையில் போட்டு ஒரு முட்டி மடிப்பார். நன்மை வாங்கியதும், நற்கருணையை அப்படித்தான் சொல்வோம், கிளம்பிவிடுவார்.

அன்று இரவு படுத்துக்கொண்டு அப்பாவைப் பெரிய புனிதராக்கினேன். கடைசி இடத்தைத் தேர்ந்தெடுத்தவர், நற்செய்திக் கதையில் வரும் வரிதண்டுபவர்போல் தொலைவில் நின்றவர் என்றெல்லாம். மாதாவின் கணவர் சூசையப்பர் ஞாபகம்கூட வந்தது. நற்செய்திகளில் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசியதாக எங்கேயும் இல்லை. சொன்னதைச் செய்கிறார், எழுந்து போகிறார், மறுபடியும் எழுந்து போகிறார், அவ்வளவுதான். வாய் திறக்காத அந்த மனிதரைத் தலைவராக வைத்துத்தான் வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3,615 பாடல்கள் பாடினார். அப்பாவுக்கும் அப்படி ஒன்று பாடலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டேன். காலையில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள்.

"தாழ்ச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. உக்காந்தா தூங்கிடுவேன்னு நிப்பாரு. பஞ்சு வேற பக்கத்துல இருக்கவங்க துணியில ஒட்டும்."

சரி. இதுதான் காரணம் என்றால் இதுதான் காரணம். தூக்கம் வரும் என்று தெரிந்து நின்றார், பக்கத்தில் இருப்பவர் துணியை நினைத்து ஒதுங்கினார். அதற்குப் புண்ணியம் என்று பேர் வைக்க அவருக்குத் தோன்றியே இருக்காது.

தாழ்ச்சி என்ற சொல்லை நான் கற்றது பாட்டியிடம். ஞானோபதேசம், அதாவது வேதபாடம், அவளிடம் ராகம் போட்டு மனப்பாடம். தலையான பாவங்கள் ஏழு: அகங்காரம், கோபம், மோகம், உலோபித்தனம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். அதற்கு எதிரான புண்ணியங்கள்: தாழ்ச்சி, பொறுமை, கற்பு, உதாரம், மட்டசனம், பிறர் சிநேகம், சுறுசுறுப்பு. மட்டசனம் என்ற சொல்லை அந்தப் பாட்டுக்கு வெளியே நான் கேட்டதில்லை. மட்டாக உண்பது. என்ன அழகான சொல், புழக்கத்திலிருந்து இப்படியா போக வேண்டும். தாழ்ச்சியும் ஏறத்தாழ அப்படித்தான். கோயிலுக்கு வெளியே பணிவு என்பார்கள், அடக்கம் என்பார்கள். தாழ்ச்சியைப் புண்ணியமாகச் சொல்கிறவர்கள் நாங்கள்தான்.

ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறோம்? வீட்டுக்கு வந்த மருமகளைப் பார்த்து. எதிர்க்கேள்வி கேட்கிற பையனைப் பார்த்து. கோயில் பெருக்குகிறவரைப் பார்த்து. பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சம்பளம் பத்தவில்லை என்று ஒருமுறை சொன்ன, பூசைக்கு எல்லாம் எடுத்து வைக்கிற கோயில்பிள்ளையைப் பார்த்து. ஏற்கெனவே குனிந்து நிற்கிறவரிடம் இன்னும் குனியச் சொல்வதற்கு அந்தச் சொல்லை எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்கிறோம்! பணிவு எல்லாருக்கும் நல்லதுதான், அதிலும் செல்வர்க்கு அது இன்னொரு செல்வம் என்று வள்ளுவர் குறிப்பாக ஓர் ஆளைச் சுட்டிக்காட்டுகிறார். அந்த விரல் நம் பக்கம் திரும்புவதை நாம் கவனிப்பதில்லை.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கதை இல்லை, பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் எழுதிவைத்தது. மிஷன் வீதியில் இருக்கிறதே சம்பா கோவில், புனித பவுலின் பேரில் இருந்ததால் அந்தப் பெயர் வாய்வழக்கில் நிலைத்துவிட்ட ஜென்மராக்கினி மாதா கோவில், அதற்குள் அன்று ஒரு சுவர் இருந்தது. சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் மறுபக்கம். பீடம் ஒன்று, பூசை ஒன்று, நடுவில் சுவர். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் விஷயமாக இது கிளம்பியது. ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? மறுபக்கத்தார் திரண்டு வந்து சாமியாரோடு சண்டை போட்டார்கள்.

பிள்ளை கிறிஸ்தவர் இல்லை. வெளியிலிருந்து பார்த்து எழுதியவர். அதனாலேயே அந்தப் பக்கங்கள் எனக்குச் சங்கடம் தருகின்றன. அதே ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, கிறிஸ்தவரான துபாஷி கனகராய முதலியார் இறந்துபோன தம் மகனின் நினைவாக உழவர்கரையில் கட்டிய கோயிலுக்கு விழா எடுத்து, எல்லாச் சாதியாருக்கும் விருந்து போட்டதையும் பிள்ளை எழுதுகிறார். மகனுக்காக அவர் கோயில் கட்டினார், அப்பாவுக்காக நான் பெஞ்சு போட்டேன். அளவுதான் வேறு.

சம்பா கோவிலின் அந்தப் பழைய கட்டடம் இன்று இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கியபோது அதுவும் போனது. இப்போது நாம் பார்ப்பது 1791-இல் கட்டி முடித்தது. சுவர் போய் இத்தனை காலமாகிறது. ஆனால் அன்றைக்கு முறையிட்டவர்களை நினைத்துப் பாருங்கள். "பொறுத்துப் போங்கள், தாழ்ச்சிதான் புண்ணியம்" என்று யாராவது நிச்சயம் அவர்களிடம் சொல்லியிருப்பார்கள். சொன்னவர் சுவருக்கு எந்தப் பக்கம் நின்று சொல்லியிருப்பார் என்பதும் தெரிந்ததுதான். பொறுத்துப் போகாமல் கேட்டார்களே, அதில் தாழ்ச்சிக்கு என்ன குறைவு வந்துவிட்டது? தாழ்ச்சி இல்லாதிருந்தது சுவருக்கு அந்தப் பக்கம். தூணோரம் போய் நின்ற அந்தப் பெண் என்னிடம் "ஏன் சார், இங்க உக்காந்தா என்ன?" என்று கேட்டிருந்தால், அது அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

நன்மை வாங்குமுன் எல்லாரும் சேர்ந்து சொல்வோமே, "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன். ஆனால் ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், எனது ஆன்மா நலமடையும்" என்று. சிறு வயதிலிருந்து சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே செருப்பு எங்கே விட்டோம் என்றும் யோசிக்கலாம். அந்தத் தவக்காலத்தில்தான், ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளில்தான், எனக்கு உறைத்தது, இது யாருடைய வார்த்தை என்று. பேதுரு சொன்னதில்லை. மாதா சொன்னதில்லை. கப்பர்நாகூமில் இருந்த உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் ஒருவர் சொன்னது. யூதரே இல்லை அவர். வேற்று இனத்து வெளியாள்.

மத்தேயு எட்டாம் அதிகாரத்தில் அவர் பேசுவதைப் படித்துப் பாருங்கள். நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. நான் புழு, நான் தூசி என்றெல்லாம் இல்லை. தம் வேலையைச் சொல்லித்தான் விளக்குகிறார். எனக்கு மேலே அதிகாரி உண்டு, எனக்குக் கீழே படைவீரர் உண்டு, போ என்றால் போகிறான், வா என்றால் வருகிறான், ஆகவே நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார். தம் பதவி என்ன என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதை மறைக்கவுமில்லை, தூக்கிப் பிடிக்கவுமில்லை. அந்தப் பதவியோடு வந்து அவர் கேட்பது யாருக்காக? வீட்டில் முடக்குவாதத்தில் கிடக்கும் வேலையாளுக்காக. நூறு பேரை ஏவுகிற மனிதர், ஒரு வேலையாளுக்காக ஊர் ஊராகப் போகிற ஒரு யூதப் போதகர் முன்னால் நின்று கெஞ்சுகிறார். இஸ்ரயேலரிடம்கூட இப்படியொரு நம்பிக்கையைப் பார்த்ததில்லை என்று இயேசு வியந்ததாக எழுதியிருக்கிறது. அவர் வியந்த இடங்கள் நற்செய்திகளில் அதிகம் கிடையாது.

அந்த வெளியாளின் வார்த்தையைத்தான் உலகம் பூராவும் ஒவ்வொரு பூசையிலும் நாம் கடன் வாங்கிச் சொல்கிறோம். அதைச் சொல்வதற்காக நான் ஒரு வெளியாளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருந்ததுதான் வேடிக்கை. செவ்வாய்க்கிழமை எந்த அந்தோணியார் கோயிலுக்குப் போனாலும் பூ வைத்து, பொட்டு வைத்து எத்தனை பேர் நிற்கிறார்கள். வில்லியனூர் லூர்து மாதா குளக்கரையில் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழா கேட்கிறோம்? அவர்களுக்கு விசுவாசப் பிரமாணம் தெரியாது. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மா பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். எனக்கு எல்லா விடையும் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் முதலில் கூகுளைத்தான் பார்ப்பேன்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒப்புரவு அருட்சாதனம் என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. போவதற்கு முன் வண்டியில் உட்கார்ந்து வாக்கியத்தை அமைத்துப் பார்த்தேன். "ஒரு எளிய பெண்ணை அவமதித்துவிட்டேன்" என்பதா, "என் அகந்தையால் ஒருவரைப் புண்படுத்திவிட்டேன்" என்பதா? இரண்டாவது கொஞ்சம் கம்பீரமாக இருந்தது. பாவத்தைச் சொல்வதில்கூடச் சொல்நயம் பார்க்கிற ஆள் நான். கோயிலில் வாசகம் வாசிக்கிறேன் அல்லவா, அந்தப் பழக்கம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியை ஒட்டி வரும் ஒரு ஞாயிறில் விவிலியத்தின் சீராக் நூலிலிருந்து ஒரு வாசகம் வரும், செய்வதையெல்லாம் பணிவோடு செய் என்று. நான்தான் வாசித்தேன். அன்று நற்செய்தியும், விருந்துக்குப் போனால் முதல் இடத்தில் உட்காராதே என்பதுதான். பூசை முடிந்து நாலு பேர் வந்து "கணீர்னு வாசிச்சீங்க" என்றார்கள். ஒரு வாரம் அதிலேயே மிதந்தேன்.

தவக்காலத் தியானத்துக்கு வந்திருந்த சாமியாருக்கு வயது அதிகம், காது மந்தம். நான் கம்பீர வாக்கியத்தைச் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. கொஞ்சம் விளக்கினேன். "என்ன பெஞ்சு?" என்றார், வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. மறுபடி சொன்னேன். "பெஞ்சுல யாரு பேரு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தம்மாவைப் பாத்தா மன்னிப்புக் கேளு" என்று மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லும்படி பரிகாரம் கொடுத்து அனுப்பினார். எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் கொடுக்கிற அதே மூன்று. வெளியே வந்தபோது வரிசையில் நின்ற என் அன்பியத் தலைவர் சுவரில் இருந்த சிலுவைப்பாதைப் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணை நான் அப்புறம் பார்க்கவே இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் வாசலில் நின்று பார்த்தேன். ஈஸ்டருக்குப் பிறகு வில்லியனூர்த் திருவிழாவில், இரண்டு பிள்ளைகளோடு போகிற பெண் எல்லாரையும் திரும்பிப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் அது வேறு மாதிரி அர்த்தமாகும் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த வருஷம் பெரிய வியாழனுக்கு, அதாவது புனித வெள்ளிக்கு முந்தின நாள், பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் என் பெயரும் இருந்தது. முன்பு இதில் ஆண்களை மட்டும்தான் உட்காரவைக்க முடியும். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மாற்றிய பிறகு எங்கள் பங்கிலும் பாதிக்குப் பாதி பெண்கள். இந்தச் சடங்கின் ரகசியம் ஒன்று சொல்கிறேன். யாரும் அழுக்குக் காலோடு வருவதில்லை. வீட்டில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுக்கொண்டுதான் வருவோம். கழுவிய காலைத்தான் சாமியார் மறுபடி கழுவுகிறார்.

அந்தத் தடவை கோயில் பெருக்கும் அக்காவையும் எழுதியிருந்தார் பங்குத்தந்தை. அவருக்கு அன்று மதியம்தான் சொன்னார்கள். "வேணாம் சாமி, வேற யாரயாச்சும் போடுங்க" என்று பூசை உடைகள் வைக்கும் சக்கிறிஸ்து அறைக்குள் போய் நின்றுகொண்டார். பின்னால் இருந்த ஒருவர் "எவ்ளோ தாழ்ச்சி பாரு" என்று மெச்சிக்கொண்டது என் காதில் விழுந்தது. எனக்கு அது தாழ்ச்சியாகத் தெரியவில்லை. வெடித்த குதிகாலை ஊர் பார்க்குமே என்ற கூச்சம். ஆண்டாண்டாகப் பார்வை படாமல் வேலை செய்து பழகியவருக்கு, எல்லாரும் பார்க்க உட்காருவது தண்டனை. பேதுருவும் என் காலை நீர் கழுவ விடவே மாட்டேன் என்றுதான் சொன்னார், ஆனால் பேதுரு சொன்ன இடம் வேறு. அவருக்குத் தம் குருவைக் குனியவிடக்கூடாது. இவருக்குத் தம் காலை யாரும் பார்க்கக்கூடாது.

கடைசியில் அம்மா போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். சாமியார் சொம்போடு முட்டி போட்டபோது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. காலைப் பிடித்து இழுக்கவும் இல்லை. முட்டி போட்டபடியே இருந்தார். அவருக்கும் வயது ஐம்பத்தைந்து இருக்கும், முட்டி வலிக்கத்தான் செய்திருக்கும். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி முதல் சரணத்திலிருந்து எடுத்தார்கள். அந்த இரண்டாவது சரணத்தில் எங்கேயோ, ஒரு கால் மெல்ல வெளியே வந்தது.

துடைக்கத் துண்டை எடுப்பதற்குள் அவரே முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

பூசை முடிந்து நற்கருணை இடமாற்றப் பவனிக்கு முன் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நான் யார் என்று தெரிவதற்காக, மூன்றாவது பெஞ்சு எங்களுடையது என்றேன். பார்த்தீர்களா, அப்போதும்! அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "தெரியும் சார், தினம் தொடைக்கிறேனே. அந்த ஒரு எழுத்து மட்டும் பளிச்சுனு இருக்குமே, அந்தப் பெஞ்சுதான?" என்றார்.

அதற்கப்புறம் ஒரு மாதம் பின்னால் நின்று பூசை பார்த்தேன். அப்பா நின்ற இடம், தீர்த்தத் தொட்டிப் பக்கம். முதல் ஞாயிறு நன்றாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு, நான் அங்கே நிற்பதை யார் யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்த்தேன். மூன்றாவது ஞாயிறு பங்குப்பேரவைக்காரர் ஒருவர் வந்து "என்ன சார் இங்க, முன்னாடி வாங்க" என்று கையைப் பிடித்தபோது, "இல்ல இல்ல, இங்கயே இருக்கேன்" என்று நான் சொன்ன குரல் எனக்கே சகிக்கவில்லை. நாலாவது ஞாயிறு அம்மா சொல்லிவிட்டாள், "காலு வலிக்கலயா உனக்கு? சும்மா நடிக்காம போய் உக்காரு."

மறுபடி மூன்றாவது பெஞ்சுக்கே வந்துவிட்டேன். ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் நடைபாதை ஓரத்தில் உட்காருவேன். நம் கோயில்களில் எல்லாரும் செய்வதுதான். முதலில் வந்தவர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் வருகிறவருக்கு முட்டியை மட்டும் கொஞ்சம் திருப்புவார், வந்தவர் மன்னிப்புக் கேட்டபடி ஏறித் தாண்டி உள்ளே போக வேண்டும். இப்போது நான் சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அங்கே ஃபேன் காற்று வராது. பீடம் பாதி தூணில் மறையும். இதைக்கூட எழுதாமல் இருந்திருக்கலாம்.

போன ஞாயிறு பெஞ்சு நிரம்பியிருந்தது. எனக்குப் பின்னால், நான்காவது பெஞ்சில் ஒரு சின்னப் பையன். மறையுரை நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் கிர், கிர் என்று நகத்தால் சுரண்டும் சத்தம். எதைச் சுரண்டுகிறான் என்று எனக்குத் தெரியும். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நிறுத்திவிடுவான். காணிக்கைப் பாட்டு வந்தது, தூயவர் தூயவர் வந்தது, சத்தம் நிற்கவில்லை. "நான் தகுதியற்றவன்" என்று எல்லாரும் சொன்ன நேரம் மட்டும் அவனும் சேர்ந்து சொன்னான், அப்போது நின்றது. அப்புறம் மறுபடி கிர், கிர்.

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இனிஷியலுக்குப் பக்கத்தில் இருந்த புள்ளி போய்விட்டது. எழுத்தின் காலும் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது.

பெயிண்டர் நம்பர் என் போனில் இன்னும் இருக்கிறது.